இழப்பீடும் காலமும்

பேருந்து நிலையத்தில் பயணிகளை ஏற்றிக்கொண்டு புறப்படும் நிலையில் நின்ற அரசுப் பேருந்தை நீதிமன்ற அமீனா வந்து ஜப்தி செய்தார் என்னும் செய்தி நம் நாளிதழ்களுக்குப் புதிதன்று. பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி வேறு பேருந்து தேடுவர். நடத்துநர் பணிமனைக்குத் தொலைபேசியில் பேசுவார். முகப்புக் கண்ணாடியில் நீதிமன்ற ஆணை ஒட்டப்படும். நாமும் சற்றே நகைத்தவாறு பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் அச்செய்தியின் கடைசி வரிகளை ஊன்றிப் படிப்போர், அங்கே இரண்டு ஆண்டுகள் குறிக்கப்பட்டிருப்பதைக் காண்பர். ஒன்று விபத்து நிகழ்ந்த ஆண்டு. மற்றொன்று தீர்ப்பாயம் இழப்பீடு வழங்குமாறு ஆணையிட்ட ஆண்டு. அவ்விரண்டிற்கும் இடையே ஓர் இடைவெளி. ஆணைக்கும் ஜப்திக்கும் இடையே இன்னோர் இடைவெளி. அடிபட்டவர்க்கு எவ்வளவு கொடுப்பது என்னும் வினாவைக் காட்டிலும், எப்போது கொடுப்பது என்னும் வினாவே இச்சட்டத்தின் வரலாற்றில் விடை காண அரிதாக இருந்துவந்துள்ளது. அவ்வரலாற்றைச் சற்றே பின்னோக்கிச் சென்று பார்ப்போம்.

கேடு விளைவித்த பொருளையே கைப்பற்றும் வழக்கம் மிகப் பழையது. இங்கிலாந்தில் இடைக்காலந்தொட்டு ‘டியோடாண்ட்’ என்றொரு முறை இருந்தது. இலத்தீன் மொழியில் அதற்கு ‘இறைவனுக்குக் கொடுக்கப்பட வேண்டியது’ என்பது பொருள். ஒரு வண்டியோ, குதிரையோ, மரமோ ஒருவரின் சாவுக்குக் காரணமானால் அப்பொருள் அல்லது அதன் மதிப்பு மன்னரைச் சேரும். மன்னர் அதை அறச்செயல்களுக்குச் செலவிட வேண்டும் என்பது தொடக்கக் கால நோக்கம். முட்டிக் கொன்ற மாட்டைக் குறித்து விடுதலைப் பயண நூல் வகுத்த விதியோடு இதனைத் தொடர்புபடுத்துவோரும் உளர். அதே நூலின் அதே அதிகாரத்தில் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமான ஒரு விதி உண்டு. சண்டையில் ஒருவனை அடித்துப் படுக்கையில் கிடத்தியவன், அவன் வேலை செய்ய இயலாதுபோன காலத்துக்கு ஈடு கொடுத்து, அவன் முற்றும் குணமாவதற்கும் வழி செய்ய வேண்டும் என்கிறது அது. இழந்த காலத்துக்கு விலை உண்டு என்பதை அப்பழைய சட்டம் அறிந்திருந்தது.

டியோடாண்ட் முறையிலோ, இறந்தவரின் மனைவி மக்களுக்கு உரிமையாக ஒரு காசும் இல்லை. நீதிமன்ற வழியிலும் கதவு அடைபட்டே இருந்தது. 1808-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பயணக் குதிரைவண்டி கவிழ்ந்தது. மேல்தட்டில் அமர்ந்து வந்த கணவர் காயமுற்றார். மனைவி ஒரு மாதம் போலத் துன்புற்று மருத்துவமனையில் இறந்தார். கணவர் தொடுத்த வழக்கில் தலைமை நீதிபதி எல்லன்பரோ பிரபு, மனிதரின் சாவை உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு கேடாகக் கொண்டு முறையிட இயலாது என்று தீர்த்தார். மனைவி உயிரோடு இருந்த அந்த ஒரு மாதத்துக்கு மட்டுமே ஈடு. இறந்த நாளோடு கணக்கு முடிந்தது. இதன் விளைவைப் பாருங்கள். வண்டிக்காரர் ஒருவரை முடமாக்கினால் பெருந்தொகை கொடுக்க நேரும். கொன்றுவிட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

இரயில் வண்டி வந்தபின் இந்த நிலையை நீட்டிக்க முடியவில்லை. 1841-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நாள், இலண்டனுக்கு மேற்கே சோனிங் என்னுமிடத்தில் மண்சரிவில் இரயில் மோதித் தொழிலாளர் பலர் மாண்டனர். விசாரணைச் சான்றாயர் இரயில் எஞ்சின்மீதும் பெட்டிகள்மீதும் ஆயிரம் பவுன் டியோடாண்ட் விதித்தனர். நிறுவனங்கள் அஞ்சின, பாராளுமன்றமும் விழித்துக்கொண்டது. 1846 ஆகஸ்டில் டியோடாண்ட் ஒழிக்கப்பட்டது. அதே மாதத்தில், கேம்பல் பிரபுவின் சட்டம் எனப்படும் உயிரிழப்பு விபத்துச் சட்டம் இயற்றப்பட்டது. இறந்தவரின் வாழ்க்கைத்துணை, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோர் தாம் இழந்த ஆதரவுக்கு ஈடு கேட்கலாம் என்று அச்சட்டம் முதன்முறையாக உரிமை அளித்தது. அதன் சாயலில் இந்தியாவுக்கென 1855-இல் ஒரு சட்டம் வந்தது. இராயபுரத்திலிருந்து முதல் இரயில் புறப்பட்டது 1856-இல்தான். விபத்துக்கு முன்பே விபத்துச் சட்டம் வந்து சேர்ந்த அரிய நிகழ்ச்சி எனலாம்.

அந்த 1855-ஆம் ஆண்டுச் சட்டமே நூறாண்டுக் காலம் நம் நாட்டின் சாலைகளுக்கும் போதுமானதாகக் கருதப்பட்டது. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிறர்க்கு நேரும் கேட்டுக்காக ஒவ்வொரு வண்டியும் காப்பீடு செய்யப்பட வேண்டும் என்றது. ஆயினும் அப்பகுதி நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலையில். காப்பீடு வந்தபின் பணம் எங்கிருந்து வரும் என்னும் கவலை குறைந்தது. எப்போது வரும் என்னும் கவலை தீரவில்லை. ஏனெனில், ஈடு கேட்போர் உரிமையியல் நீதிமன்றத்தில் மற்ற வழக்குகளோடு வரிசையில் நின்று, கேட்கும் தொகைக்கு ஏற்ப முத்திரைக் கட்டணமும் கட்டி வழக்காட வேண்டியிருந்தது. குடும்பத்தலைவனை இழந்த வீட்டில் அக்கட்டணத்துக்குப் பணம் ஏது?

நம் மண்ணிலிருந்தே ஒரு சான்று தருவோம். நாடு விடுதலை பெற்று ஒரு மாதம் கழிந்த நிலையில், 1947 செப்டம்பர் 20 அன்று, தாராபுரத்திலிருந்து பழனிக்குச் சென்ற ஒரு தனியார் பேருந்து விபத்துக்குள்ளாயிற்று. அதில் பயணம் செய்த ஒருவர் சில நாள்களில் இறந்தார். அவருடைய குடும்பத்தார் தொடுத்த வழக்கு, கீழ்நீதிமன்றம், சென்னை உயர்நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் எனப் படிப்படியாக ஏறியது. இறுதித் தீர்ப்பு 1961 ஏப்ரலில் வந்தது. சட்டம் பயிலும் மாணவர் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது. இறந்தவரின் வாழ்நாள் குறைந்ததற்கான ஈடு வேறு, சார்ந்திருந்தோர் இழந்த ஆதரவுக்கான ஈடு வேறு என்பதை அது தெளிவாக்கிற்று. மாணவருக்கு அது நல்ல பாடமே. ஆனால் விபத்து நடந்தபோது தொட்டிலில் கிடந்த குழந்தை, தீர்ப்பு வந்தபோது பள்ளியிறுதி வகுப்பை நெருங்கும் வயதை அடைந்திருக்கும்.

அவ்வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டுமுன்னரே பாராளுமன்றம் இக்குறையை உணர்ந்தது. 1956-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், மோட்டார் விபத்துக் கோரிக்கைகளுக்கெனத் தனித் தீர்ப்பாயங்களை அமைக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. முழுமையான வழக்குரை வேண்டா, ஒரு விண்ணப்பம் போதும். பெருங்கட்டணம் வேண்டா, சுருக்க விசாரணை செய்யலாம் என்றது. இன்று சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்திலும் பிற ஊர்களில் மாவட்ட, சார்பு நீதிமன்றங்களிலும் நாம் காணும் தீர்ப்பாயங்களின் வேர் அதுவே. ஆயினும் அதே சட்டம் ஒரு நிபந்தனையையும் சேர்த்தது. விபத்து நடந்த 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்! கால் முறிந்தவர் கட்டுப் பிரிக்கப்படுவதற்கு முன்பே நீதிமன்றப் படி ஏற வேண்டும் என்பது போன்ற கட்டளை. 1969-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஆறு மாதமாக்கியது. காயமுற்றவர்க்குக் காலக்கெடு விதிக்கத் தயங்காத சட்டம், தனக்கென்று எக்கெடுவும் விதித்துக்கொள்ளவில்லை என்பதைக் குறித்து வைப்போம்.

தீர்ப்பாயங்கள் வந்தும் வரிசை குறையவில்லை. தமிழ்நாட்டில் இரவுநேரத்தில் சென்ற தனியார் பேருந்தொன்று தாழ்ந்து தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் உரசியது. அந்த இடத்திலேயே எட்டுப் பேர் மாண்டனர். அவ்வழக்கு 1980-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், ஓட்டுநர் குற்றவியல் வழக்கில் விடுதலையானது இழப்பீட்டுக்குத் தடையாகாது என்றதோடு நிற்கவில்லை. போதிய தீர்ப்பாயங்களை அரசுகள் அமைக்க வேண்டும், நடைமுறையை எளிமையாக்கி விரைந்து முடிக்குமாறு உயர்நீதிமன்றங்கள் வற்புறுத்த வேண்டும் என்று கடிந்துரைத்தார். அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 1977-இல், ஓட்டுநரின் கவனக்குறைவை மெய்ப்பிக்காமல் ஈடு பெற முடியாது என்று அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு கூறியிருந்தது. சாட்சி தேடும் அலைச்சலிலேயே ஆண்டுகள் கழிந்தன. இதற்கு மாற்றாக 1982-இல், யார் பிழை என்று வினவாமல் இறப்புக்கு 15,000 ரூபாயும் நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாயும் உடனே வழங்கும் முறை வந்தது. சிறு தொகைதான். ஆயினும் முதன்முறையாகச் சட்டம் பட்டினியின் காலக்கணக்கை எண்ணிப் பார்த்தது என்று இதனை நாம் பாராட்டலாம்.

1988-இல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தமோ இரு பெரும் மாற்றங்களைச் செய்தது. விண்ணப்பிக்கும் காலக்கெடு அறவே நீக்கப்பட்டது. மேலும், ஆண்டு வருமானம் 40,000 ரூபாய்க்கு மேற்படாதோர்க்கு வயதையும் வருமானத்தையும் கொண்டு ஈட்டைக் காணும் ஓர் அட்டவணை சேர்க்கப்பட்டது. அட்டவணையைப் பார்த்துத் தொகையைச் சொல்லிவிடலாம், வாதம் தேவையில்லை என்பது எண்ணம். நல்ல எண்ணமே. ஆனால் அவ்வட்டவணையில் கணக்குப் பிழைகள் மலிந்திருப்பதை 1996-இல் உச்ச நீதிமன்றமே எடுத்துக்காட்ட நேர்ந்தது. வாழ்க்கைச் செலவுக்கு ஏற்ப அதனைத் திருத்தலாம் என்று சட்டம் மத்திய அரசுக்கு அதிகாரம் தந்திருந்தும், 2018 வரை, அதாவது 24 ஆண்டுகள், எவரும் அதைத் தொடவில்லை. வருமானமில்லாதவரின் ஆண்டு மதிப்பு 15,000 ரூபாய் என்று எழுதியது எழுதியபடியே கிடந்தது. விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

வழக்கில் உண்மையில் எதைப்பற்றிப் பேரம் நடக்கிறது என்பதை வாசகர் அறிய ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றும் 2017-ஆம் ஆண்டு அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பும் இன்று நடப்பிலுள்ள முறையை வகுத்தன. 32 வயதுக் கொத்தனார் ஒருவர் சாலையில் இறந்தார் எனக் கொள்வோம். மாதம் 15,000 ரூபாய் ஈட்டினார் என்றால் ஆண்டுக்கு 1,80,000. எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காடு கூட்ட 2,52,000. அவரை நம்பி நால்வர் இருந்தால், அவர்தம் சொந்தச் செலவுக்கெனக் கால் பங்கு கழிய 1,89,000. அவர் வயதுக்குரிய பெருக்கெண் 16. ஆக 30,24,000 ரூபாய். இதன்மேல் ஈமச்செலவு முதலியன. ஆனால் கொத்தனாரிடம் சம்பளச் சீட்டு இல்லை. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் 9,000 ரூபாய்க்கு மேல் ஏற்க முடியாது என்பார். அதே கணக்கில் தொகை 18,14,400 ஆகச் சுருங்கும். ஏறத்தாழ 12 இலட்சம் ரூபாய் வேறுபாடு ஒரு துண்டுத் தாளில் தொங்குகிறது. அத்தாளைத் தேடியும், அது இல்லாதபோது மேஸ்திரியைச் சாட்சிக்கு அழைத்தும் வாய்தாக்கள் கழிகின்றன.

உயிர் பிழைத்தவர் வழக்கு இன்னும் நுட்பமானது. மருத்துவக் குழு தரும் ஊனச் சான்றில் 60 விழுக்காடு என்றிருந்தால், வருமான இழப்பும் 60 விழுக்காடா? இடக்கையை இழந்த தச்சருக்கோ ஓட்டுநருக்கோ வருமானம் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை நிலைக்கவும் கூடும். இந்த வேறுபாட்டை 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கமாக உரைத்தது. ஊனத்தின் அளவு எலும்பு கூடி, புண் ஆறிய பின்னரே தெரியும் என்பதால் காயமுற்றோர் பலர் காலம் தாழ்த்தி விண்ணப்பிக்கின்றனர். வட்டியோ விண்ணப்பித்த நாளுக்கு முன்னர் தொடங்குவதில்லை. ஆக, மருத்துவமனையில் கடன் வாங்கிக் கிடந்த மாதங்களுக்கு வட்டி இல்லை.

மேலே சொன்ன 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் காலவரிசையையும் நோக்குக. 1988 ஏப்ரலில் தில்லிப் பேருந்து மோதி 38 வயது அறிவியலாளர் ஒருவர் இறந்தார். தீர்ப்பாயம் 1993-இல் ஆணையிட்டது. உயர்நீதிமன்றம் 2007-இல் தொகையை உயர்த்தியது. உச்ச நீதிமன்றம் 2009-இல் மீண்டும் உயர்த்தி 8,84,870 ரூபாய் என்றது. நாட்டின் எல்லாத் தீர்ப்பாயங்களுக்கும் ஒரே அளவுகோலைத் தந்து வழக்குகளைச் சுருக்கிய தீர்ப்பு, தான் பிறக்க 21 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

இன்னொரு வழக்கு நம் வாசகர்க்குச் சிறப்பாக உரியது. ஏற்காட்டுப் பள்ளியால் நமக்குப் பழக்கமான மான்ட்போர்ட் சகோதரர்கள் சபையைச் சேர்ந்த, 37 வயதுத் தலைமையாசிரியர் ஒருவர் 1992-இல் வடகிழக்கு மாநிலத்தில் சாலை விபத்தில் இறந்தார். துறவு வார்த்தைப்பாடு கொடுத்தவர். தம் ஊதியத்தைச் சபைக்கே அளித்தவர். அய்சால் தீர்ப்பாயம் சபைக்கு 2,52,000 ரூபாய் வழங்கியது. மனைவியோ மக்களோ இல்லாத ஒருவருக்காகச் சபை ஈடு கேட்க இயலாது என்று உயர்நீதிமன்றம் அதனை நீக்கியது. 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயத்தின் ஆணையை மீட்டளித்தது. ஈடு கேட்கும் உரிமை இரத்த உறவோடு முடிவதில்லை, இழப்புக்கு உள்ளானவர் எவரோ அவர் கேட்கலாம் என்பது அதன் சாரம். 1855-ஆம் ஆண்டுச் சட்டத்தின் குறுகிய பட்டியலிலிருந்து நாம் வந்துள்ள தொலைவை இது காட்டுகிறது. சபை 22 ஆண்டுகள் காத்திருக்க முடிந்தது. சபைக்கு வீட்டு வாடகை தவறவில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் நிற்கவில்லை. கொத்தனாரின் மனைவிக்கு அந்த வசதி இல்லை.

காத்திருக்க இயலாதவர்களுக்கென வந்த வழியே மக்கள் நீதிமன்றம். 1982 மார்ச்சில் குஜராத் மாநிலத்து ஊனா என்னும் ஊரில் தொடங்கிய இம்முயற்சி, 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தால் சட்ட வடிவம் பெற்றது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பரில். ஒரே மேசையில் இருதரப்பும் அமர்ந்து ஒரு தொகைக்கு உடன்பட்டால் அதுவே முடிவு, மேல்முறையீடு கிடையாது. விபத்து வழக்குகள் இங்கே மிகுதியாக முடிகின்றன. இதனைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. தீர்ப்பாயத்தில் ஆண்டுகள் கிடந்த வழக்கு ஒரு முற்பகலில் முடிந்து, காசோலையும் சில கிழமைகளில் கைக்கு வருமானால் அது நன்மையே. ஆயினும் மேசையின் இருபக்கமும் சமமானவை அல்ல. ஒரு பக்கம், ஆயிரக்கணக்கான வழக்குகளுள் ஒன்றைப் பற்றிப் பேசவந்த அதிகாரி. மறுபக்கம், அடுத்த மாத மருந்துக்குப் பணமில்லாதவர். உரிய தொகையிலிருந்து அவர் விட்டுக்கொடுக்கும் பங்கு, விரைவுக்காக அவர் செலுத்தும் கட்டணம். அக்கட்டணத்தைச் செல்வர் செலுத்துவதில்லை. தீர்ப்பாய வழி நீண்டிருக்கும் அளவுக்கு அக்கட்டணமும் உயரும் என்பதே எம் கருத்து. மக்கள் நீதிமன்றம் நேர்மையாக நடக்க வேண்டுமானால் பக்கத்து அறையில் தீர்ப்பாயம் விரைவாக நடக்க வேண்டும்.

அதற்கான முயற்சிகளும் அண்மைக் காலத்தில் நிகழாமல் இல்லை. பாதிக்கப்பட்டவர் காவல்நிலையம், மருத்துவமனை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் என்று தாள் தேடி அலையாமல், காவல்துறையே அறிக்கை தயாரித்துத் தீர்ப்பாயத்தில் அளிக்கும் முறையை நீதிமன்றங்கள் 2009 முதல் வற்புறுத்தி வந்தன. 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மத்திய விதிகள் அதனை நாடு முழுமைக்கும் ஆக்கின. முதல் அறிக்கை 48 மணி நேரத்துள். இடைக்கால அறிக்கை 50 நாள்களுள். விரிவான அறிக்கை 90 நாள்களுள். அதன்பின் காப்பீட்டு நிறுவனத்தின் அதிகாரி 30 நாள்களுள் ஒரு தொகையை முன்மொழிய வேண்டும். உரியவர் ஏற்றால் வழக்கு அங்கேயே முடியும். இவ்விதிகள் ஏட்டளவில் நில்லாதிருக்க, தனிப் பிரிவுகள் அமைக்குமாறு 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. இங்கே காலக்கெடு அடிபட்டவர் மீதன்றி அலுவலர் மீது வைக்கப்பட்டது.

அப்படி வைத்த கையோடு, 1994-இல் நீக்கிய பழைய கெடுவையும் சட்டம் திரும்பக் கொண்டுவந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்து ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இதனை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தின்முன் வந்தன. அவற்றின் முடிவு வரும்வரை, காலம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காக எவருடைய விண்ணப்பத்தையும் தள்ளலாகாது என்று 2025 நவம்பரில் அந்நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. விபத்தில் அடிபட்டோரும் அவர்தம் குடும்பத்தாரும் இவ்வாணையை நம்பிச் சும்மா இருந்துவிடாமல், ஆறு மாதத்துக்குள் விண்ணப்பித்துவிடுவதே நலம்.

அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் நிலை தனி. தமக்கென நிதி வைத்துக்கொண்டு காப்பீட்டிலிருந்து விலக்குப் பெறச் சட்டம் இடமளிக்கிறது. ஆணை வந்த 30 நாள்களுள் தொகையைச் செலுத்த வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. செலுத்தாதபோது நிறைவேற்று மனு, அதன்பின் அமீனா, அதன்பின் ஜப்தி. டியோடாண்ட் ஒழிந்தது என்றோம். சாவுக்குக் காரணமான வண்டியை, அல்லது அதன் உடன்பிறப்பை, இன்றும் நாம் கைப்பற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். வேறுபாடு ஒன்றே: இம்முறை பணம் விதவைக்குச் சேரும்.

சேருகிறதா என்பதும் ஐயமே. தீர்ப்பாயங்களில் செலுத்தப்பட்ட பெருந்தொகைகள் உரியவர் வந்து பெறாமல் தேங்கிக் கிடக்கின்றன என்று குஜராத் மாநிலத்தின் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் எழுதிய மடலைக் கொண்டு, 2024-இல் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்தது. 2025 ஏப்ரலில் அது பிறப்பித்த ஆணைகளுள் சில: விண்ணப்பத்திலேயே உரியவரின் வங்கிக் கணக்கு விவரம் இருக்க வேண்டும், தொகையை நேரே அக்கணக்கில் செலுத்த வேண்டும், இதுவரை பெறாதோரின் பட்டியலை இணையத்தில் வெளியிட வேண்டும், சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் அவர்களை ஊர் ஊராகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நம் பங்குகளிலும் சிற்றூர்களிலும் வழக்குப் போட்டு மறந்துபோன குடும்பங்கள் இருக்கக்கூடும். அவர்கள் வழக்கு எண்ணோடு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; அது நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குகிறது, கட்டணம் ஏதுமில்லை.